ஸ்ப்ரூஸ் கிரவுஸைக் கமராவில் பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "ஸ்காபரோவில் இருக்கிறேன். 150-600 லென்ஸோடு அல்கோன்குவின் பூங்காவுக்குப் பலமுறை போய்வந்துவிட்டேன். மூஸ் கிடைத்தது, கனடா ஜே கையிலேயே வந்து இருந்தது. ஸ்ப்ரூஸ் கிரவுஸ் என்ற காட்டுக்கோழியை மட்டும் கண்ணாலும் காணவில்லை. அதன் உறவான ரஃப்ட் கிரவுஸோ ஒவ்வொரு முறையும் காலடியிலிருந்து வெடித்துப் பறந்துவிடுகிறது. பதிவுசெய்த குரலைப் போட்டுப் பார்க்கலாமா? மறைவுக் கூடாரம் ஒன்று வாங்க வேண்டுமா?"

கூடாரம் ஒரேயொரு சந்தர்ப்பத்தில் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன். குரல் பதிவு வேண்டாம், அதற்கான காரணமும் வரும். அதற்கு முதல், ஸ்ப்ரூஸ் கிரவுஸ் உங்களைக் கண்டு ஓடி ஒளிக்கிறது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அரைக்கிலோ எடையுள்ள ஒரு பறவை, பாதையிலிருந்து ஏழெட்டு மீற்றர் தள்ளிக் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தண்டோடு ஒட்டியபடி அசையாமல் இருக்கும். கீழே ஆட்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். அது கண்ணைக்கூடச் சிமிட்டாது. தடியால் தட்டியே விழுத்தலாம் என்பதால் பழைய வேட்டைக்காரர்கள் அதை முட்டாள் கோழி என்றார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. கோஷோக் வல்லூறும், மார்ட்டன் என்ற மரமேறும் கீரி போன்ற விலங்கும் திரிகிற காட்டில், அசையாத பறவைதான் உயிரோடு மிஞ்சும். மனிதன் வந்தாலும் அது அதே உத்தியைத்தான் பாவிக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பறவைக்கு லென்ஸைவிட முக்கியமானது, எந்த மாதத்தில் அது எதைத் தின்னும், அதற்காக எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்திருப்பது. அது தெரிந்தவர் 300 மில்லிமீற்றரோடு போய்ப் படம் எடுத்து வருவார். தெரியாதவர் நாள் முழுக்க 15 கிலோமீற்றர் நடந்து கால் வலியோடு திரும்புவார்.

இடத்தைப் பார்ப்போம். ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குவின் 7,600 சதுர கிலோமீற்றருக்கும் கூடின பரப்பு. 1893இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெற்குப் பகுதியை ஊடறுத்துப் போகும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலை, மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீற்றர். இந்த வீதியின் இரு பக்கமும் பெரும்பாலும் மேப்பிள் மலைக் காடு. ஒக்ரோபர் நிறம் பார்க்கச் சனம் வந்து குவிகிற காடு அதுதான். அங்கே ரஃப்ட் கிரவுஸ் இருக்கும், ஸ்ப்ரூஸ் கிரவுஸ் இருக்காது. இரண்டாவதுக்கு வேண்டியது பள்ளங்களில் திட்டுத் திட்டாகக் கிடக்கும் வடபுலக் காடு: கறுப்பு ஸ்ப்ரூஸும் லார்ச்சும் நெருங்கி வளர்ந்து, கிளைகள் நிலம் வரை தாழ்ந்து, கீழே ஸ்பாக்னம் பாசி மெத்தையாகக் கிடக்கிற ஈரநிலங்கள். அதிலும் திறந்த சதுப்பின் நடுவில் தேடுவது வீண்வேலை. குட்டை மரங்கள் முடிந்து உயரமான ஸ்ப்ரூஸ் தொடங்குகிற விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் கிலோமீற்றர் குறிகள் மேற்கு வாசலிலிருந்து எண்ணப்படுகின்றன. 42.5இல் ஸ்ப்ரூஸ் பொக் மரநடைபாதை. ஒன்றரைக் கிலோமீற்றர்தான், ஆனால் ஒன்ராறியோவின் தெற்கில் இந்தப் பறவைக்கு இதைவிடப் பேர்போன இடம் இல்லை. பலர் நேரே பலகைப் பாதைக்குப் போய், சதுப்பைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிரவுஸ் கூடுதலாகத் தென்படுவது பலகை தொடங்குவதற்கு முந்தின துண்டில், வாகனத் தரிப்பிடத்துக்குக் கிட்டவுள்ள அடர்ந்த ஸ்ப்ரூஸுக்குள். 46ஆவது கிலோமீற்றரைத் தாண்டியதும் வடக்கே திரும்பும் ஒப்பியோங்கோ வீதி இன்னொன்று. மூன்றாவது, 15.4இல் தொடங்கும் மிஸி லேக் பாதையின் பழைய ரயில்பாதைத் துண்டு. வுல்ஃப் ஹௌல் குளத்தையும் வெஸ்ட் றோஸ் ஏரியையும் ஒட்டிப் போகும் அந்தச் சமதரைப் பாதையின் இருபுறமும் ஸ்ப்ரூஸ்தான். இவையெல்லாம் ஊரறிந்த இடங்கள், அதனால் சொல்வதில் பிழையில்லை. நீங்களாகக் கண்டுபிடிக்கும் இடத்தை, குறிப்பாகக் கூடு இருக்கிற இடத்தை, படத்தோடு சேர்த்து ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள்.

இனிக் காலம். முதல்முறை காண வேண்டும் என்றால் செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் முடிவு வரை போங்கள். இந்தப் பறவை கோடையில் பெரி, இலை, பூச்சி, காளான் என்று தின்றுவிட்டு, குளிர்காலத்தில் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஊசியிலைக்கு மாறுகிறது. ஸ்ப்ரூஸ், பைன் ஊசிகள் பிசின் நிறைந்தவை, சத்துக் குறைந்தவை. அதைச் சமாளிக்க அதன் அரைப்பை பெருக்கிறது, குடலும் நீள்கிறது. அரைப்பையில் அரைக்கப் பருக்கைக் கல் வேண்டும். பனி மூடிவிட்டால் கல் கிடைக்காது. ஆகவே இலையுதிர் காலத்தில் அது விடியலிலும் பின்னேரத்திலும் சரளைக்கல் வீதிகளின் ஓரத்துக்கு இறங்கி வந்து கல் பொறுக்கும். ஒப்பியோங்கோ வீதியோரமும், மிஸி லேக் பாதைக்குப் போகும் அரோஹொன் வீதியோரமும் அந்த நேரத்தில் உங்களுக்குக் காடு முழுவதையும்விடப் பெறுமதியானவை. சூரியன் எழும்பி முதல் ஒன்றரை மணித்தியாலம். வாகனத்தை 20 கிலோமீற்றர் வேகத்துக்குக் குறைத்து, சரளையும் புல்லும் சந்திக்கிற கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். கண்டதும் பிரேக் போட்டுக் கதவைத் திறக்கக் கூடாது. கொஞ்சம் தாண்டிப் போய், ஓரமாகப் பாதுகாப்பாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு யன்னலால் எடுங்கள். வெளியே குளிரும் உள்ளே சூடும் என்றால் யன்னலில் காற்று அலைந்து படம் முழுவதும் மென்மையாகிவிடும். லென்ஸைக் குறைசொல்லுவீர்கள், பிழை ஹீற்றரில் இருக்கும். யன்னலை இறக்கி ஐந்து நிமிடம் குளிரவிட்டுப் பிறகு எடுங்கள்.

நல்ல படம் வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி. இது ஆண் பறவை தன்னைக் காட்டுகிற காலம். பாசித் தரையில் அது நடந்து வருவதைக் கிட்டத்தில் பார்த்தால் மற்றவை எல்லாம் மறந்துபோகும். கண்ணுக்கு மேலே சிவந்த தசைப்புருவம் வீங்கி நிமிர்ந்திருக்கும். தொண்டையும் நெஞ்சும் கறுப்பு, அதன் ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள். வாலை விரித்து நிமிர்த்தியிருக்கும், ஒவ்வோர் இறகின் நுனியிலும் செம்மண் நிறப் பட்டை. ஒரு கால் வைக்கும்போது வாலின் ஒரு பக்கத்து இறகுகள் மட்டும் விரியும், மற்றக் கால் வைக்கும்போது மற்றப் பக்கம். ஒவ்வோர் அடிக்கும் 'ஸ்விஷ்' என்று ஒரு சின்னச் சத்தம், பத்து மீற்றருக்கு அப்பால் கேட்காது. பிறகு திடீரென்று ஒரு கிளைக்கு எழும்பி, அங்கிருந்து இறக்கையைப் படபடவென்று அடித்தபடி செங்குத்தாகத் தரைக்கு இறங்கும். சிறகடிக்கிற அந்தப் படபடப்புத்தான் காட்டுக்குள் அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கிடைக்கிற ஒரே ஒலி. ஆகவே ஏப்ரலில் நடப்பதைக் குறையுங்கள். ஸ்ப்ரூஸ் திட்டின் விளிம்பில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று, இருபது நிமிடம் காதைக் கொடுங்கள். பிறகு ஐம்பது மீற்றர் நகருங்கள், மறுபடி நில்லுங்கள். இந்த ஆண்கள் தங்கள் சின்ன எல்லைக்குள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் ஆடுகிறவர்கள். இன்று கண்ட இடத்தில் நாளைக்கும் காணலாம்.

கல்கரி, பான்ஃப் பக்கம் இருப்பவர்கள் இந்த வர்ணனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். றொக்கி மலைகளில் உள்ளது ஃபிராங்க்ளின் வகை. வால் நுனியில் செம்பட்டை இராது, வாலின் மேல் மூடுசிறகுகளில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அதன் ஆண், இறங்கும்போது சிறகை முதுகுக்கு மேலே தட்டி இரண்டு வெடிச்சத்தம் போடும். அதைத் தூரத்திலிருந்தே கேட்டுப் போகலாம், கொடுத்துவைத்தவர்கள்.

கோடையில் தாயும் குஞ்சுகளும் கிடைக்கும். ஜூலையில் பாதையோரம் மெல்லிய 'குளக் குளக்' என்று தாய் கூப்பிடுவது கேட்டால், நின்ற இடத்திலேயே நின்றுவிடுங்கள். குஞ்சுகள் உங்கள் காலடியிலேயே இருக்கலாம். பெண் பறவை உடல் முழுக்க வரியோடியது. சிலது சாம்பல், சிலது செம்பழுப்பு. ரஃப்ட் கிரவுஸோடு மாறாட்டம் வருவது இங்கேதான். தலையில் கூரான கொண்டையும், வால் நுனிக்குக் கிட்ட அகன்ற கறுப்புப் பட்டையும் இருந்தால் அது ரஃப்ட்.

குளிர்காலம் எனக்குப் பிடித்த காலம், ஆனால் முதல்முறை தேடுபவருக்குச் சொல்லமாட்டேன். பறவை ஒரே மரத்தில் பல நாட்கள் இருந்து ஊசியைக் கடித்துக்கொண்டிருக்கும், நிலத்துக்கு வருவது அரிது. மேலே பார்த்தால் கழுத்து நோகும், பறவை தெரியாது. கீழே பாருங்கள். பனியின்மேல் கடித்துப்போட்ட பச்சை ஊசித் துணுக்குகளும், ஊசி நார் அப்படியே தெரிகிற காய்ந்த எச்சக் குச்சிகளும் ஒரு மரத்தடியில் மட்டும் குவிந்து கிடந்தால், அந்த மரத்தைக் கிளை கிளையாகப் பாருங்கள். தண்டோடு ஒட்டின இருட்டுப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒப்பியோங்கோ வீதி குளிர்காலத்தில் ஒரு வாசலுக்கு அப்பால் வாகனத்துக்கு மூடப்பட்டிருக்கும், அங்கிருந்து நடைதான்.

ரஃப்ட் கிரவுஸ் வேறு கதை. அது காலடியிலிருந்து வெடித்துப் பறப்பதற்குக் காரணம், நீங்கள் தொடர்ந்து ஒரே வேகத்தில் நடப்பதும் பிறகு திடீரென நிற்பதும். நடந்து வருகிற ஆளை அது பதுங்கியபடி போகவிடும். நின்றுவிட்டால், தன்னைக் கண்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. வேட்டை நடக்கிற காடுகளில் அது இன்னும் பதற்றக்காரன். வீதி ஓரத்துப் பூங்காப் பறவைகள் ஓரளவு பொறுமைசாலிகள்.

துரத்தி எடுக்க முடியாத இந்தப் பறவை, வசந்தத்தில் தானாக மேடை போட்டு நிற்கிறது. விழுந்து பாசி பிடித்த பெரிய மரக்குற்றியின்மேல் ஏறி நின்று ஆண் இறக்கையால் முழக்குகிறது. குற்றியையோ நெஞ்சையோ அடிப்பதில்லை, காற்றைத்தான் அடிக்கிறது. ஏறத்தாழ 40 ஹேர்ட்ஸ் என்ற அடித்தொனி. முதலில் ஒன்று... ஒன்று... என்று இடைவெளி விட்டு, பிறகு நெருங்கி, கடைசியில் ஒரே உறுமலாகிப் பத்து விநாடிக்குள் நின்றுவிடும். யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசின் கயிறு இழுத்ததும் 'டுப்... டுப்' என்று தொடங்கி வேகம் பிடிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காதுக்குக் கேட்பதற்கு முதல் நெஞ்சில் விழும். அதனால்தான் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிப்பது கடினம். ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பிக் கேட்பதைவிட, நூறு மீற்றர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று கேட்டு, கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள்.

குற்றியைக் கண்டுபிடிக்க நடுப்பகலில் போங்கள், பறவை இல்லாத நேரத்தில். ஒரு நுனிக்குக் கிட்ட எச்சம் குவிந்து கிடக்கும். பறவை நிற்கிற இடத்தில் பாசி தேய்ந்து மழமழப்பாயிருக்கும். சுற்றிவர இளமரங்கள் நெருங்கி நிற்கும், ஆனால் குற்றியின் மட்டத்தில் நாலு பக்கமும் பார்வை திறந்திருக்கும். நரி வருவதை அது முதலில் காண வேண்டுமே. அது கிடைத்தால் கூடாரத்துக்கு வேலை வந்துவிட்டது. பூங்காவுக்குள் என்றால் கூடாரம் வைக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் காணி என்றால் உரிமையாளரிடம். குற்றியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குக் கிட்டப் போகாமல், பின்னணி தெளிவாக இருக்கிற பக்கத்தில் வையுங்கள். கிளை எதையும் வெட்டாதீர்கள். நீங்கள் திறந்துவிடும் ஓட்டை வல்லூறுக்கும் ஓட்டைதான். விடிவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல் உள்ளே இருக்க வேண்டும். பறவை இருட்டோடு வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருதடவை முழக்கும். அது தானாக இறங்கிப் போன பிறகுதான் நீங்கள் வெளியே வர வேண்டும். தேநீர் குடிக்க அவசரப்பட்டு வெளியே வந்தால், அந்தக் குற்றியை அது கைவிடவும் கூடும்.

முழக்கத்தை எடுக்க இரண்டு வழி. 1/2000இல் எடுத்தால் ஒவ்வோர் இறகும் உறைந்து நிற்கும். ஆனால் விடியல் ஒளியில் ஐஎஸ்ஓ வானத்துக்கு ஏறும், பார்ப்பவருக்குப் பறவை பயந்து எழும்புவது போலவும் தெரியும். எனக்குப் பிடித்தது 1/40 முதல் 1/60 வரை. முக்காலியில் கமரா, உடலும் தலையும் கூர்மை, இறக்கைகள் இரண்டும் புகை. முழக்கத்தின் தொடக்கத்தில் எடுத்தால் தலை அசையும். நடுப்பகுதியில் உடல் இறுகி நிலைக்கும், அப்போது அழுத்துங்கள். ஓசையில்லாத மின்ஷட்டர் இங்கே அவசியம். ஆனால் சில கமராக்களில் அது வேகமான இறக்கையை வளைத்துக் காட்டும், முதலே சோதித்துப் பாருங்கள்.

குளிர்காலத்தில் ரஃப்ட் கிரவுஸுக்கு விரல் ஓரங்களில் சின்னச் செதில் நீட்சிகள் முளைக்கும். பாதத்தின் பரப்புக் கூடி, பனியில் புதையாமல் நடக்கும். மென்பனி 25 சென்ரிமீற்றர் அளவுக்கு விழுந்துவிட்டால் அதற்குள் பாய்ந்து, சுரங்கம் செய்து, குளிரான நாளின் பெரும்பகுதியை உள்ளேயே கழிக்கும். பனியிலிருந்து பறவை வெடித்துக் கிளம்புகிற படத்துக்கு எல்லோருக்கும் ஆசை. அதற்காகப் பனிக்காலணியோடு காடு முழுக்க உழுது திரிபவர்களை நான் மதிப்பதில்லை. மைனஸ் 20இல் ஒரு பறவையைப் படுக்கையிலிருந்து எழுப்பினால் அது எரிக்கிற சக்திக்கு மாற்று மொட்டுத்தான், அந்த மொட்டைத் தின்ன மரத்துச்சியில் ஏறி வல்லூறுக்கு முகம் காட்ட வேண்டும். அதைவிட நல்ல படம் பின்னேரத்தில் இருக்கிறது. சூரியன் மறைகிற நேரத்தில் ரஃப்ட் கிரவுஸ்கள் ஆஸ்பென் மரங்களின் உச்சிக் கொப்புகளில் ஏறி, ஆண் பூமொட்டுகளை அவசரம் அவசரமாகப் பறித்து விழுங்கும். கால்மணி நேரத்தில் தீன்பை நிரம்பிவிடும். செவ்வானத்தின் முன்னே அந்தக் கரிய உருவம், மெல்லிய கொப்பு வளைய வளைய எட்டிப் பறிக்கிற காட்சி போதும். ஆஸ்பென் திட்டைத் தெரிந்துகொண்டால் நாளைக்கும் அங்கேதான் வரும்.

ஒரு வருடம் கூட்டமாகக் கண்ட இடத்தில் மூன்று வருடம் கழித்து ஒன்றும் இல்லாமல் போகலாம். வடக்குக் காடுகளில் ரஃப்ட் கிரவுஸ் ஏறத்தாழ 10 வருடச் சுழற்சியில் பெருகிக் குறையும் பறவை. பனிமுயல் குறைந்தால் வல்லூறும் கொம்பன் ஆந்தையும் கிரவுஸ் பக்கம் திரும்புவது அதில் ஒரு காரணம். ஆகவே ஒரு மோசமான வருடத்தை வைத்து உங்கள் கைராசியை நொந்துகொள்ள வேண்டாம்.

கமராவைப் பற்றிச் சுருக்காக. ஸ்ப்ரூஸ் கிரவுஸுக்கு 600 தேவையில்லை, பலவேளை இடைஞ்சல். அது ஐந்து மீற்றரில் நிற்கும், நடுவில் இருபது சுள்ளி. 100-400 வகை லென்ஸோடு ஓரடி இடம் வலம் நகர்ந்து சந்து பிடிப்பதுதான் வேலை. விலங்குக் கண்ணைத் தேடும் ஓட்டோஃபோகஸ் சுள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி வைத்திருங்கள். இருண்ட காட்டில் கறுப்புப் பறவை என்றால் கமரா தானாக ஒளியைக் கூட்டும், நெஞ்சின் வெள்ளைப் புள்ளிகள் எரிந்துபோகும். அங்கே முக்கால் படி குறையுங்கள். வெட்டவெளிப் பனியில் ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டுங்கள். இரண்டும் கலந்த இடத்தில் மனுவலுக்குப் போவதே நிம்மதி. அசையாத பறவைதானே, 1/125 தாங்கும், ஐஎஸ்ஓ 3200க்குப் பயப்படாதீர்கள். பறவை தரையில் என்றால் நீங்களும் தரையில். ஈரப் பாசியில் வயிறு நனையும், அதற்கு ஒரு பழைய மழைச்சட்டை கொண்டுபோங்கள். ஆனால் பலகைப் பாதையை விட்டு இறங்கிப் பாசியில் படுக்கக் கூடாது. ஒரு சப்பாத்துத் தடம் அங்கே பல வருடம் கிடக்கும்.

ஒரு அறிவுரை, கேட்காமலே சொல்கிறேன்: முகத்தை மட்டும் நிரப்பி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். இவ்வளவு கிட்ட நிற்கும் காட்டுப் பறவை வடக்கே குறைவு. 35 மில்லிமீற்றரில் பறவையைச் சின்னதாக வைத்து, தாடி போலத் தொங்கும் லைக்கனும் சாய்ந்த ஸ்ப்ரூஸும் சேர எடுங்கள். அந்தப் படத்தைத்தான் பத்து வருடம் கழித்தும் பார்ப்பீர்கள்.

குரல் பதிவு விஷயம். பெண் ஸ்ப்ரூஸ் கிரவுஸ் வசந்தத்தில் தன் எல்லையை அறிவிக்க ஒரு குரல் எழுப்பும். ஆய்வாளர்கள் அதன் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவைகளைக் கணக்கெடுப்பதுண்டு. அது வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். ஆணும் வரும், எல்லைக்காரப் பெண்ணும் சண்டைக்கு வரும். ஆய்வாளர் ஒருமுறை போட்டுக் குறித்துவிட்டுப் போய்விடுவார். ஸ்ப்ரூஸ் பொக்கில் நீங்கள் போடுவீர்கள், அரைமணி கழித்து இன்னொருவர், பின்னேரம் வேறொருவர். முட்டையிடுகிற காலத்தில் அந்தச் சின்னத் திட்டில் உள்ள நாலைந்து பறவை நாள் முழுக்க இல்லாத எதிரியைத் தேடி ஓடும். அப்படிக் கிடைக்கிற படத்திலும் பறவை விறைத்து, கழுத்தை நீட்டி, பதறிப்போய்த்தான் நிற்கும்.

அதே கழுத்துத்தான் கிட்டப் போகும்போதும் உங்களுக்கு அளவுகோல். உடல் உருண்டு, கழுத்து உள்ளிழுத்து, கொத்திக்கொண்டோ சிறகு கோதிக்கொண்டோ இருந்தால் இன்னும் ஓரடி வைக்கலாம், நேராகப் போகாமல் பக்கவாட்டில். கழுத்து நீண்டு, உச்சிச் சிறகு கிளம்பி, வால் வெட்டினால் நில்லுங்கள். அப்படியும் தணியாவிட்டால் ஓரடி பின்னுக்கு வாருங்கள். அசையாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாத பறவை இது. பத்து நிமிடம் ஓரிடத்தில் குந்தியிருந்தால் அது மேய்ச்சலைத் தொடங்கி உங்களைச் சுற்றியே நடக்கும். ரஃப்ட் தாய் இறக்கை முறிந்ததுபோல நடித்து உங்களை இழுத்துப் போனால், அந்த நடிப்பைப் படமெடுக்க நின்று மினக்கெடாமல் வந்த வழியே திரும்புங்கள். குஞ்சுகள் குளிரில் கிடக்கின்றன.

நோர்வேயிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வரி: கிரவுஸ் இனத்துப் பெரிய பறவையான உங்கள் காட்டுக் கப்பர்கெய்லி ஏப்ரலில் கூட்டமாக ஆடும் களத்துக்கு விடியலில் நடந்து போகக் கூடாது. முதல்நாள் பின்னேரமே மறைவுக்குள் போய், இரவை அங்கே கழித்து, கடைசிப் பறவையும் போனபின் வருவதுதான் முறை. ஸ்கொட்லாந்தில் அதையும் செய்யாதீர்கள். அங்கே எண்ணிக்கை 2021-22 கணக்கெடுப்பில் 500ஐச் சற்றே தாண்டியது, ஆட்டக் களத்தைக் குழப்புவது சட்டப்படி குற்றம்.

இனிப் புறப்படும் விஷயம். ரொறன்ரோவிலிருந்து வாகனத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். விடியலுக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதால் முதல்நாள் இரவு கிழக்கு வாசலுக்கு வெளியே விற்னியில் தங்குவது வசதி. 42.5உம் ஒப்பியோங்கோவும் அந்தப் பக்கத்திலிருந்து கிட்ட. நாள் அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுங்கள், நிறம் பார்க்கும் வார இறுதிகளில் விற்று முடிந்துவிடும். அந்த வார இறுதிகளைத் தவிர்த்து, ஒக்ரோபர் நடுவுக்குப் பிறகு ஒரு செவ்வாயோ புதனோ போனால் பாதையும் காலி, லார்ச் மரங்கள் பொன்னிறமாகியிருக்கும் நேரமும் அதுதான். 43ஆவது கிலோமீற்றரில் உள்ள பார்வையாளர் நிலையத்தில் அந்த வாரம் யார் எங்கே கண்டார்கள் என்று கேளுங்கள். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் கடந்த வருடங்களின் அதே வாரப் பதிவுகளையும் பார்த்துவிட்டுப் போங்கள். இலையுதிர் காலம் வேட்டைக் காலமும் என்பதால், பூங்காவுக்கு வெளியே அரச காணிக் காடுகளில் தேடப்போனால் செம்மஞ்சள் தொப்பியும் மேற்சட்டையும் போடாமல் போகாதீர்கள்.

மே நடுப்பகுதிக்குப் பிறகு போனால் கறுப்பு ஈ கண்ணைத் திறக்கவிடாது, பின்னால் நுளம்பு வரும், தலைவலை இல்லாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் உபரிப் பற்றரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள். திரும்பி வாகனத்தில் ஏறுவதற்கு முதல், வெளியே குளிரில் நிற்கும்போதே கமராவைப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடிவிடுங்கள். விற்னியில் வந்து இரண்டு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் லென்ஸில் ஒரு துளி ஈரம் இராது. படத்தைப் பார்க்கும் அவசரம் என்றால் அட்டையை மட்டும் வெளியிலேயே கழற்றி எடுத்துவிடுங்கள்.